மேட்டு லயத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவனுக்கு

மகனே,

நம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் நீ பேசிப் போட்ட மன்னிப்பை நானும் கேட்டேன். பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுப்போன குழந்தைகளில் ஒன்று மடியிலும் ஒன்று தோளிலுமாக நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் உன் குரல் வந்தது. "அன்னைக்கு என்னால கஷ்டப்பட்ட எல்லாரும் மன்னிச்சிருங்க. நான் கட்டாருக்குப் போறேன். மாசக் கடைசியோட இந்தக் குரூப்ப மூடிருறேன்" என்றாய். உன் குரல் அப்படிக் கம்மிப்போய் நான் கேட்டதில்லை. முதலில் அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது. அழுகை போய்விட்டது, கோபம் இன்னும் இருக்கிறது. விசா வேலையாகக் கொழும்பில் இருக்கிற உன்னிடம் போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். உன் அப்பாவிடமிருந்து நீ எடுத்துக்கொண்ட கெட்ட பழக்கம் அது ஒன்றுதான். அதனால் எழுதுகிறேன். நீ ஊரறிய மன்னிப்புக் கேட்டாய், நானும் ஊரறியத்தான் பதில் சொல்வேன். இதை அதே குழுவில் போடப்போகிறேன். இவ்வளவு நீளமா என்று சலித்துக்கொள்கிறவர்கள் சலித்துக்கொள்ளட்டும். அவர்கள் விடிந்ததும் அனுப்புகிற காலை வணக்கப் பூக்களை நான் தினமும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் போனோடு நான் போட்ட சண்டை கொஞ்சமா? ஹட்டனில், நானா என்று நாம் கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளியின் போன் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் ஒரு பழைய போனை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். அன்றிலிருந்து சோற்றில் கை இருக்கும், கண் போனில் இருக்கும். ஒரு நாள் அதை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். உள்ளே இருந்தபடியே அது பாட்டுப் பாடி என்னைக் காட்டிக்கொடுத்தது. நீ டின்னைத் திறந்து போனை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டு, "அம்மா, இதுக்குப் பசிக்காதும்மா" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் உன்னைப் 'போனுக்குள்ள விழுந்து கெடக்கிறவன்' என்றார்கள். நானும்தான் சொன்னேன். உன் வயதுப் பையன்கள் எல்லோரும் அப்படித்தான் கிடந்தார்கள். ஆனால் நீ அதற்குள் கிடந்து என்ன தேடினாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நீ தேடியது செய்தி. எங்களுக்குச் செய்தி என்றால், காலையில் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது கங்காணி சொல்வதுதான். பேப்பர் ஹட்டன் பஸ்ஸில் பகலுக்கு மேல் வரும். அது கடையில் வடை கட்டுவதற்கு முன்னால் வாசிக்கத் தெரிந்த யாராவது வாசித்தால் உண்டு. அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கங்காணி தனக்கு வேண்டியதைச் சொல்வார், வேண்டாததை விழுங்கிவிடுவார். மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் அது நன்றாகத் தெரிந்தது. எந்தக் கடைக்கு எப்போது லொறி வரும் என்பது டவுனில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் மலையிலிருந்து இறங்கிப் போய்ச் சேரும்போது காலி டாங்கிதான் இருக்கும். அப்போதுதான் நீ இந்தக் குழுவைத் தொடங்கினாய். எழுதிப் போட்டால் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது என்று பேசிப் போட்டாய். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற கடைக்கு எண்ணெய் வந்திருக்கு. மேல்கணக்கு ஆளுங்க இப்பக் கெளம்புனா கெடைக்கும்." அவ்வளவுதான் உன் செய்தி. மேல்கணக்கு என்கிற நம்முடைய டிவிஷனில் அந்தக் காலத்தில் அடுப்பு எரிந்ததற்கு உன் குரல்தான் காரணம். அன்று உன்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்ன மாதிரி நினைவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையில் நிற்கிறவள் சட்டைக்குள்ளிருந்து பாட்டு வரும். தூரத்து டயகம தோட்டத்தில் ஒருவர் செத்தால், அங்கே அழுகைச் சத்தம் எழுவதற்கு முன்னால் இங்கே படத்துக்குக் கீழே கண்ணீர்ப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கும். வந்ததெல்லாம் நல்லதாக வந்தால் யாருக்கு என்ன குறை? யாரோ எங்கேயோ கிளப்பிவிட்டது எல்லாம் வந்தது. நீர்த்தேக்கம் உடைந்துவிட்டது என்று ஒரு படம் வந்ததே, ஞாபகமிருக்கிறதா? மடுவத்துக் குழந்தைகளை வாரிக்கொண்டு நானும் என்னோடு அங்கே வேலை செய்கிற ஆயாம்மாவும் மேட்டுக்கு ஓடினோம். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது நீ கூப்பிட்டு, "அம்மா, அது வேற நாட்டுப் படம், பழசு" என்றாய். இறங்கி வரும்போது குழந்தைகள் எல்லாம் இன்னொரு தரம் ஓடலாமா என்று கேட்டன. அதிலிருந்து இந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் வந்தது. எது வந்தாலும் நம்ப மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் அனுப்புவார்கள். அனுப்புகிறவர்களில் உன் அம்மாதான் முதல் ஆள் என்று நீ கேலி செய்வாய். செய், அது உண்மைதான்.

அந்த மழை நாளைப் பற்றி இனி எழுதுகிறேன். விடாமல் பெய்துகொண்டிருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு எச்சரிக்கைப் படம் வந்தது, எழுத்தெல்லாம் சிங்களத்தில். நமக்கு வாய் நிறையச் சிங்களம் வரும், எழுத்துத்தான் வராது. கடைக்காரப் பையன் வாசித்துச் சொன்னதாக யாரோ கீழே பேசிப் போட்டிருந்தார்கள்: நெலும்கந்த என்ற இடத்தில் மண் சரியப்போகிறது, அங்கே இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டுமாம். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பரிதாபப்பட்டேன். "பாவம், யாரு பெத்த புள்ளைங்களோ, கடவுள்தான் காப்பாத்தணும்" என்று கைகூப்புகிற பொம்மையோடு கினிகத்தேனையில் இருக்கிற உன் சித்திக்கு அனுப்பினேன். அவளும் கைகூப்பினாள். மலைக்கு அடியில் வரிசை வீடுகளாக நிற்கிற நம் மேட்டு லயத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், எல்லோரும் கைகூப்பினார்கள். செல்லமுத்து அண்ணன் மட்டும், "எந்த ஊருன்னு தெரியல, ஆனா அந்த சனங்களுக்கு ஏதாவது செய்யணும்" என்று போட்டார். அவருக்குப் பின்னால் செங்குத்தாக நின்ற மலை நனைந்து ஊறிக்கொண்டிருந்தது.

நெலும்கந்த என்பது நாம்தான் என்று நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பேர் ஒன்று, அது சம்பளச் சிட்டையில் இருக்கிறது. நாம் வைத்த பேர் ஒன்று, அது வாயில் இருக்கிறது. அரசாங்கத்தின் கிராம சேவகர் பிரிவுக்கு வைத்த பேர் இன்னொன்று, அது அவர்களுடைய காகிதத்தில் இருக்கிறது. நாம் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று பேசி, பிறந்து, கட்டிக்கொடுத்து, செத்துப் போகிறோம். அந்தக் காகிதப் பேர் நமக்கு எப்போதாவது தேவைப்பட்டால்தானே தெரியும். உனக்குத் தேவைப்பட்டது. கட்டார் வேலைக்கு கிராம சேவகரிடம் சான்றிதழ் வாங்கப் போனபோது அந்தப் பேரைப் பார்த்திருந்தாய்.

அன்று கடையில் நடந்ததை நானாதான் எனக்குச் சொன்னார். நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்து அடுத்த வாரம் ஹட்டனுக்குப் போனபோது அவரிடமே போய்க் கேட்டேன். யாருடைய போனையோ பிரித்து வைத்துக்கொண்டு இருந்தாயாம். படம் வந்ததும் பார்த்தாயாம். பார்த்ததும் கையிலிருந்த சின்ன ஸ்க்ரூ கீழே விழுந்ததாம். "நானா, இது எங்க லயம்" என்றாயாம். அவர் உடனே, "அப்ப இன்னும் என்ன பாக்கிறீங்க தம்பி? மொதல்ல ஒங்கட ஆக்களுக்குச் சொல்லுங்க, கடைய நான் பாத்துக்கொள்றேன்" என்று சொல்லிக் கதவை இழுத்துவிட்டு, மழைச் சத்தம் கேட்காமல் நீ பேசுவதற்கு உள் அறையைக் கொடுத்தாராம். அந்த மனிதரை நீ மறக்கக் கூடாது.

முதலில் எல்லோரையும் போலத்தான் நீயும் செய்தாய். "நெலும்கந்த நம்ம மேல்கணக்குதான். மேட்டு லயத்துல இருக்கிறவங்க எல்லாரும் உடனே வெளியேறுங்க" என்று போட்டாய். யாரும் அசையவில்லை. நீர்த்தேக்கப் பொய்யை நம்பி ஓடின கால்கள் அல்லவா? சிலர் சிரித்தார்கள், சிலர் கைகூப்பினார்கள். எல்லோரும் என்றால் நம்மில் யார் கிளம்புவார்? பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரன் முதலில் கிளம்பட்டும் என்று கதவைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நானும் மடுவத்தில் அப்படித்தான் நின்றேன்.

பிறகு நீ செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது. மறுபடியும் உன் குரல் வந்தது, ஆனால் உன் குரல் மாதிரி இல்லை. "மேட்டு லயம். மொத காம்பரா, ராமாயி, பெருமாள். ஸ்கூலுக்குப் போங்க. போய்ச் சேந்ததும் வந்தேன்னு சொல்லுங்க. ரெண்டாம் காம்பரா, செல்லமுத்து, ராசம்மா, மகள் கௌரி." அப்படியே லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும். அண்ணன், மாமா, அத்தை என்று ஒரு உறவு முறையும் இல்லை. வெறும் பேர். பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி. தேயிலைக்காட்டு ஆட்களுக்குப் பேர் கூப்பிட்டால் கால் தானாக எழும்பும். கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் கூலி போயிற்று. தலைமுறை தலைமுறையாக நம்மை நடுங்க வைத்த அந்தப் பேர் கூப்பிடுகிற வழக்கத்தை எடுத்து, நீ எங்களைக் காப்பாற்றப் பயன்படுத்தினாய். படித்தவர்கள் யாரும் இதை உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உனக்கே தோன்றியது.

ராமாயி குடையை எடுத்தாள். அவ்வளவுதான், லயமே எழுந்துவிட்டது. போகும் வழியில் ஒவ்வொரு குரலாக வந்தது. "பெருமாள், வந்தேன்." "ராசம்மா, வந்தேன் தம்பி." போன் இல்லாத மாரியாயிக்காகப் பக்கத்துக் காம்பராக்காரி, "மாரியாயி வந்துட்டா, நடக்க முடியாம தூக்கிட்டு வந்தோம்" என்றாள். பதில் சொல்லாதவர்களை நீ இரண்டாம் தரம் கூப்பிட்டாய், மூன்றாம் தரமும் கூப்பிட்டாய். கடைசியில் மடுவத்தைக் கூப்பிட்டாய். ஆயாம்மாவின் பேர், அப்புறம் என் பேர். அம்மா என்று சொல்லவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு என் முழுப் பேரை யாரும் அப்படிச் சத்தமாகச் சொன்னதில்லை. "புள்ளைங்கள எண்ணிக் கொண்டு போங்க" என்றாய். நான் பெற்ற பிள்ளை எனக்கு வேலை சொல்கிறான், நான் செய்கிறேன். மழையில் நனைந்துகொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு ஸ்கூல் படியேறி, "வந்தேன்" என்று கத்தியே சொன்னேன். பயத்தில் இல்லை, மகனே. பெருமையில்.

மலை வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த கக்கூஸ் சுவர் மட்டும் சரிந்து விழுந்தது. மறுநாள் காலையில்தான் அந்த எச்சரிக்கை தமிழில் வந்தது. அப்போது நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்கூல் வாங்குப் பலகைகளில் படுத்து முதுகு வலித்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். செல்லமுத்து அண்ணன்தான் அதிகம் பேசினார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. மறுநாள் கௌரியைப் பெண் பார்க்க டயகமவிலிருந்து வருவதாக இருந்தார்கள். ஊறப்போட்ட உளுந்து புளித்துப் போனது போகட்டும்; நீ பேர் கூப்பிட்ட குரல் யார் யார் கையோ மாறி டயகமவுக்கும் போய்விட்டது. 'சரியப்போற லயத்துல எப்பிடிப் பொண்ணெடுக்கிறது, பொறகு பாப்போம்' என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். "எங்கடா மலை? காட்டு பாப்போம். ஒன் போனாலதான் எம்புள்ள வாழ்க்கை நின்னு போச்சு" என்று அவர் ஸ்கூல் வாசலில் வைத்து உன்னைக் கேட்டபோது நீ தலைகுனிந்து நின்றாய். அன்றிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவில்லை. கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறவரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். மலை வராததற்கு நீ ஏன் மன்னிப்புக் கேட்கிறாய்? மலை வந்திருந்தால் உனக்கு மாலை போட்டிருப்பார்கள். வராததால் உன்னைத் திட்டுகிறார்கள். திட்டுவதற்கு அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிது. கௌரியின் கல்யாணம் தள்ளிப்போனது எனக்கும் வருத்தம்தான். அவளுக்காக நீ வருத்தப்படு, அது நல்ல மனதுக்கு அடையாளம். ஆனால் கூப்பிட்டதற்காக வருத்தப்படாதே. பொய்யைப் பரப்பினவர்கள் ஒருவரும் இந்தக் குழுவில் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. நீர்த்தேக்கத்தை உடைத்தவன் யார் என்று இன்னும் தெரியாது. மெய்யைச் சொன்ன நீ மட்டும் மன்னிப்புக் கேட்டால், அடுத்த தடவை மெய் எது பொய் எது என்று இந்தச் சனங்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? உன் போனை நான் அரிசிக்குள் புதைத்தவள்தான். அதே நான் சொல்கிறேன், நீ அதில் பேசிய பேச்சு போல ஒரு பேச்சை இந்தத் தோட்டம் கேட்டதில்லை. கட்டாருக்குப் போ. நன்றாகச் சம்பாதி. உன்னைப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். குழுவை மூடாதே என்றுதான் சொல்கிறேன்.

இதை நான் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேற்று மறுபடியும் மழை பிடித்தது. எச்சரிக்கை ஒன்றும் இல்லை, சும்மா மழைதான். பகல் வேளையில் மடுவத்து வாசலில் செல்லமுத்து அண்ணன் வந்து நின்றார். தலையில் உரச்சாக்கு, கையில் ஒரு துணி மூட்டை. பின்னால் ராசம்மாவும் கௌரியும். என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"என்ன தங்கச்சி, மழ இந்தப் பேய் பேயுது, தம்பி இன்னும் பேர் கூப்பிடலையே" என்றார்.

"அவன் கொழும்புல இருக்கான் அண்ணே."

"கொழும்புல போன் இல்லையா?"

"கட்டாருக்குல்ல போறான்."

"அங்கயும் போன் இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டுக் கீழே பார்த்தார். "மூடப்போறேன்னு பேசிப் போட்டிருக்கான். அன்னைக்கு நான் பேசுனது பேசுனதுதான், அதுக்கென்ன இப்ப. மூடிட்டான்னா நாங்க எப்பக் கெளம்புறது, எப்ப உக்காந்திருக்கிறதுன்னு யாரு சொல்லுவா?"

கௌரி மூட்டையை அப்பாவின் கையிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு, "மூட மாட்டான் அண்ணே. எந்த நாட்டுல இருந்தாலும் ஒங்க பேரச் சொல்லிக் கூப்பிடுவான், நீங்க வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நம்பித்தான் அவர்கள் மூன்று பேரும் அந்த மலைக்குக் கீழே இருக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அம்மா